மன்றத்தின் பார்வைக்கு...

காலையில் எழுந்து காபிக்கு அடுப்பைப் பற்ற வைப்பதற்குள் எத்தனை தடவை முனிசிபாலிடியைத் தொட்டு விடுகிறீர்கள் என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா?

குழாயைத் திருகுகிறீர்கள். தண்ணீர் வந்தால் ஒரு மாதிரி நாள். வராவிட்டால் வேறு மாதிரி நாள். வாசல் தெளிக்கக் கதவைத் திறக்கிறீர்கள். தெரு விளக்கு எரிந்து கொண்டிருக்கிறது, அல்லது நாலு நாளாக எரியவில்லை. கோலம் போடக் குனிந்தால் சாக்கடை வாடை அடிக்கிறது, அல்லது அடிக்கவில்லை. அதற்குள் குப்பை வண்டி வந்து விடுகிறது; ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை என்று இரண்டு கூடையையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்கள்.

தண்ணீர், விளக்கு, சாக்கடை, குப்பை. இந்த நாலும் மாதந்தோறும் ஒரு காகிதக் கட்டில் வந்து வரிசையாக உட்காருகின்றன. அந்தக் கட்டுக்குப் பெயர் பொருள் நிரல். நம் பாட்டனார் காலத்துப் பேச்சில் சொன்னால் அஜெண்டா. நகர்மன்றக் கூட்டம் நடப்பது அதை வைத்துத்தான்.

ஆனால் மறுநாள் பத்திரிகையில் நாம் படிப்பது என்ன? இன்ன கட்சி வெளிநடப்புச் செய்தது, இன்னார் எழுந்து இன்னாரைப் பார்த்துக் கூச்சலிட்டார், பத்து நிமிஷம் அமளி. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: "பின்னர் மற்றத் தீர்மானங்கள் நிறைவேறின." அவ்வளவுதான். உங்கள் குழாயும் சாக்கடையும் அந்த ஒரு வரிக்குள் அடக்கம். அமளி யாருடையதோ! அந்தப் பொடி எழுத்து மட்டும் உங்களுடையது. அதைப் பிரித்துப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

ஊரும் மன்றமும்

பேச்சுக்கு ஓர் ஊர் வேண்டுமே, தருமபுரியை எடுத்துக் கொள்வோம். பழைய தகடூர். அதியமான் ஆண்ட பூமி. சேலம் ஜில்லாவோடு சேர்ந்திருந்து, 1965 அக்டோபர் 2-ந் தேதி தனி மாவட்டமான ஊர். 2004-ல் கிருஷ்ணகிரியும் தனி மாவட்டமாகப் பிரிந்து போயிற்று. 2011 ஜனத்தொகைக் கணக்கில் தருமபுரி நகரில் 68,000 பேருக்கு மேல் இருந்தார்கள். நகராட்சிக்கு 33 வார்டுகள். சென்னை, கோவை போல மாநகராட்சி இல்லை. அந்தப் பெரிய மண்டபங்களும் மேயரின் அங்கியும் இங்கே கிடையா. ஆனால் எந்த ஊர் மன்றத்திலும் நடக்கிற வேலை இங்கேயும் நடக்கிறது. சின்ன ஊர் என்பதால் கவுன்சிலரின் வீடும் உங்கள் வீடும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கின்றன. அது ஒரு சௌகரியம்.

கூட்டம் நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். மன்றத் தலைவர் நடுவில் அமர்ந்திருப்பார். பக்கத்தில் ஆணையாளர். எதிரே வார்டு உறுப்பினர்கள். ஓரமாகக் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு பொறியாளர், சுகாதாரப் பிரிவினர், நகரமைப்பு ஆய்வாளர், வருவாய்ப் பிரிவினர், மேலாளர். இவர்கள் உத்தியோகஸ்தர்கள். விளக்கம் சொல்லலாம், ஓட்டுப் போட முடியாது. ஓட்டு, நீங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினருக்கு மட்டுமே. வேலையை அறிந்தவருக்கு வாக்கில்லை. வாக்கு உள்ளவர் வேலையைக் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். மன்றத்தின் ஏற்பாடே அதுதான்.

மாதம் ஒரு முறையாவது மன்றம் கூட வேண்டும், கூட்டத்துக்கு முன்பே விஷயங்களை எழுதி உறுப்பினர்களுக்கு அனுப்பிவிட வேண்டும் என்றெல்லாம் 1920-ஆம் ஆண்டின் பழைய முனிசிபாலிடிச் சட்டமே விதித்தது. அந்தச் சட்டத்தின் கீழ் நூறு வருஷம் நகராட்சிகள் நடந்தன. 1998-ல் நிறைவேறிய தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் மாறினாலும் காகிதக் கட்டு மாறவில்லை.

பார்வை, அனுமதி, பின்னேற்பு

இந்தக் காகிதத்தின் தமிழ் ஓர் அலாதியான தமிழ். முதலில் பயமாகத்தான் இருக்கும். சமையல் குறிப்பைப் போல நாலைந்து சொல்லைத் தெரிந்து கொண்டால் போதும், பிறகு தானாகவே வசப்படும்.

முதலில் "பொருள்" என்று விஷயத்தைச் சொல்வார்கள். அதன் கீழே "அலுவலகக் குறிப்பு" என்று உத்தியோகஸ்தர் எழுதிய ரிப்போர்ட் இருக்கும். அதன் கடைசி வரியைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

"மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்படுகிறது" என்று முடிந்தால், வெறுமனே தகவல் சொல்கிறார்கள் என்று அர்த்தம். பிறப்பு இறப்புக் கணக்கு, வரி வசூல் நிலவரம், தண்ணீர்ப் பரிசோதனை போன்றவை இப்படி வரலாம். பார்த்தோம், சரி என்று தாளைத் திருப்பி விடுவார்கள்.

"மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது" என்றால் வேலை இன்னும் நடக்கவில்லை. செலவு செய்யலாமா என்று கேட்கிறார்கள். மன்றம் சரி என்ற பிறகுதான் டெண்டர், ஒப்பந்தம் எல்லாம்.

"மன்றத்தின் பின்னேற்புக்கு வைக்கப்படுகிறது" என்றால் காரியம் முடிந்துவிட்டது! அவசரம் என்று தலைவரிடம் முன் அனுமதி வாங்கிச் செய்துவிட்டார்கள். இப்போது மன்றம் தலையாட்ட வேண்டும். வீட்டில் நாம் பார்க்காததா? சீட்டுப் பணத்தை எடுத்துப் புதுப் புடவை வாங்கிவிட்டு, "இவ்வளவு மலிவாக வேறெங்கும் கிடைக்காது" என்று அப்புறமாகச் சொல்வதில்லையா? அந்த ஜாதி இது. பின்னேற்பு எல்லாமே தப்பு என்று சொல்லவில்லை. நடுராத்திரி மோட்டார் எரிந்து போனால், மன்றம் கூடும் வரை ஊர் தாகத்தோடு காத்திருக்க முடியாது. ஆனால் மாதாமாதம் அதே காரியம் அவசரமாகவே வந்து கொண்டிருந்தால், அது அவசரமா, பழக்கமா என்று ஒருவராவது கேட்க வேண்டாமா?

மாதிரிக்கு ஒன்று எழுதிக் காட்டுகிறேன். எந்த ஊர்க் காகிதத்திலிருந்தும் எடுத்ததல்ல. எல்லா ஊர்க் காகிதமும் இந்தச் சாயலில்தான் இருக்கும்.

"மேற்படி நீரேற்று நிலையத்தில் உள்ள மின்மோட்டார் பழுதடைந்துவிட்டபடியால், பொதுமக்களுக்குத் தங்குதடையின்றிக் குடிநீர் வழங்க வேண்டிய அவசர அவசியம் கருதி, தலைவரின் முன் அனுமதி பெற்றுப் பழுது நீக்கம் செய்த வகையில் ஏற்பட்ட செலவினத்திற்கு மன்றத்தின் பின்னேற்பு வேண்டப்படுகிறது."

மூச்சு வாங்குகிறதல்லவா? இதைக் கேட்டவுடன் உறுப்பினர்கள் "சரி, சரி" என்பார்கள். தீர்மானம்: அனுமதிக்கப்பட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகாது.

ஆனால் உங்கள் வீட்டு கிரைண்டர் ஒரே வருஷத்தில் மூன்று தடவை ரிப்பேராகி இருந்தால், நாலாவது தடவை என்ன கேட்பீர்கள்? "இதே மோட்டாரை இந்த வருஷம் எத்தனை தடவை கழற்றினீர்கள்? இதுவரை ஆன செலவில் புதிசே வாங்கியிருக்கலாமே! போன தடவை மாற்றிய சாமானுக்கு காரண்டி உண்டா?" இத்தனையும் கேட்ட பிறகுதானே முந்தானையிலிருந்து பணத்தை அவிழ்ப்பீர்கள்? மன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வியும் அச்சாக இதுவே. இதற்கு எஞ்சினீயரிங் படிப்பு வேண்டாம். குடித்தனம் நடத்திய அனுபவம் போதும்.

இரண்டு அறிக்கை, ஒரே பீப்பாய்

ஒவ்வொரு பிரிவும் தன் தன் ரிப்போர்ட்டைத் தனியாக எழுதும். தண்ணீர் பொறியாளருக்கு, காய்ச்சல் சுகாதாரப் பிரிவுக்கு, காலிமனையும் கட்டடமும் நகரமைப்புப் பிரிவுக்கு. காகிதத்தில் இவை வேறு வேறு பக்கங்கள். உங்கள் வீட்டில் அப்படியா?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு தெருவுக்கு நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் விடுகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். வீட்டுக்காரி என்ன செய்வாள்? பீப்பாய், தொட்டி, அண்டா, குடம் எல்லாவற்றிலும் பிடித்து வைப்பாள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை விரும்புவதில்லை. நீங்கள் பிடித்து வைத்திருக்கும் நல்ல தண்ணீர்தான் அதற்கு இஷ்டம். முட்டையிட்டு, புழுவாகி, பறக்கும் கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். அடுத்த மாத மன்றத்தில் கொசு மருந்து வாங்க ஒரு பொருள் வருகிறது. கொசுப்புழு ஒழிப்புக்குத் தற்காலிகப் பணியாளர் அமர்த்த இன்னொரு பொருள் வருகிறது. தண்ணீர் விடும் முறைபற்றிய பக்கம் எங்கோ, மருந்துச் செலவின் பக்கம் எங்கோ. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, "தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தால் பீப்பாய் எதற்கு, இவ்வளவு மருந்து எதற்கு?" என்று கேட்க யாரால் முடியும்? அந்தப் பீப்பாயைக் கழுவிக் கவிழ்க்கிறவளால்தான் முடியும்.

குப்பை விஷயமும் இப்படித்தான். தூய்மைப் பணியாளர்களை அமர்த்தும் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் பொருள் வரும். தொகை இவ்வளவு, ஆட்கள் இவ்வளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். மூன்றாவதாக ஒரு கேள்வியை உறுப்பினர்தான் சேர்க்க வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் எந்தத் தேதியில் கைக்குக் கிடைக்கிறது? கையுறையும் காலணியும் கொடுத்தாகிவிட்டதா? பிடித்தம் செய்த சேமநிதி அவர்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா? கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் சாக்கடைக் குழிக்குள்ளும் தக்க பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் மீறப்படாமல் இருக்க வேண்டுமானால், யந்திர வண்டி ரிப்பேரில் கிடக்கிறதா, ஓடுகிறதா என்று மாதாமாதம் ஒருவர் விசாரிக்க வேண்டும். சலிப்பான கேள்விதான். ஆனால் ஒரு வீட்டின் தாலி அந்தக் கேள்வியில் தொங்குகிறது.

பிறப்பு இறப்புக் கணக்கு என்று ஒன்று சொன்னேனே, அதையும் அலட்சியம் செய்யாதீர்கள். குழந்தை பிறந்து 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. பெயர் வைக்காமல் பதிவு செய்திருந்தால், ஒரு வருஷத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1-ந் தேதிக்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு, பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பள்ளிக்கூடம் முதல் பாஸ்போர்ட் வரை அதுதான் செல்லும். எத்தனை பதிவு நடந்தது என்று மன்றத்துக்குச் சொல்கிறார்கள். எத்தனை தாய்மார்கள் சான்றிதழுக்காக எத்தனை தடவை நடந்தார்கள் என்பதை யார் சொல்வது?

பல்லில் எழுதிய ரிப்போர்ட்

சாதாரண ரிப்போர்ட் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்குத் தருமபுரியே பதில் சொல்லும்.

இந்தப் பக்கத்து மண் பாறை மண். மழை குறைவு. ஆழத்தில் பாறையிடுக்கில் ஊறும் தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு கரைந்து வருகிறது. குடிதண்ணீரில் இது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரக் கணக்கு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் பல கிணறுகளும் ஆழ்குழாய்களும் அந்த எல்லையைத் தாண்டியிருந்தன. அதைக் குடித்து வளர்ந்த குழந்தைகளின் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழுந்தது. பல் ஈறுக்குள் உருவாகும் வயசிலேயே படியும் கறை அது. எந்தப் பல்பொடியாலும் போகாது. வருஷக்கணக்கில் குடித்த பெரியவர்களுக்கு முட்டியும் முதுகும் இறுகிப் போயின.

இதில் தாய்மாருக்கு ஒரு சங்கடம் உண்டு. தண்ணீர் கெட்டது என்றால் நமக்குத் தெரிந்த வைத்தியம் காய்ச்சிக் குடிப்பது. கிருமிக்கு அது சரி. ஃபுளோரைடுக்கு அது உதவாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டினால் உப்பின் அடர்த்தி இன்னும் கூடத்தான் செய்யும். கண்ணுக்குத் தெளிவு, வாய்க்கு ருசி, மூக்குக்கு வாடையில்லை. அப்படியிருக்க வீட்டில் இருப்பவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்? பரிசோதனைச் சாலையின் ரிப்போர்ட் ஒன்றுதான் சொல்ல முடியும். "மன்றத்தின் பார்வைக்கு" என்று வந்து யாரும் வாசிக்காமல் திருப்பிவிடக் கூடிய அதே காகிதம்!

அப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகள் சேர்ந்து சேர்ந்துதான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்கு நியாயம் பேசின. அதன் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் நோயைக் குறைப்பது என்ற நோக்கமும் சேர்ந்திருக்கிறது. 2008-ல் முதலமைச்சர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, 1,928 கோடி ரூபாய் மதிப்பீட்டில் வேலை நடந்தது. 2013-ல் முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஒசூர் என்ற அன்றைய மூன்று நகராட்சிகளுக்கும், 17 பேரூராட்சிகளுக்கும், ஆயிரக்கணக்கான கிராமக் குடியிருப்புகளுக்கும் காவிரித் தண்ணீர் குழாயில் ஏறியது. தருமபுரி நகரத்துக்கு ஏற்கனவே பஞ்சப்பள்ளி சின்னாறு அணையிலிருந்தும் தண்ணீர் வந்து கொண்டிருந்தது.

அடிக்கல்லுக்கும் திறப்பு விழாவுக்கும் பந்தல் உண்டு, மாலை உண்டு, படம் உண்டு. ஆனால் காவிரி மலையேறி வந்தது பாதிக் கதைதான். உங்கள் தெருவுக்கு வந்து சேர்வது மீதிப் பாதி. மேல்நிலைத் தொட்டியை எந்தத் தேதியில் கழுவினார்கள்? கடைக்கோடிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கிறதா? ஆற்றுத் தண்ணீர் குறையும் போது ஆழ்குழாய்த் தண்ணீரை அதோடு கலக்கிறார்களா? கலந்தால் அந்தக் கலவையைப் பரிசோதித்தார்களா? இதற்கெல்லாம் பந்தல் கிடையாது. மாதாந்திர ரிப்போர்ட்தான் உண்டு. கோடிக்கணக்கில் செலவழித்துக் கொண்டு வந்த தண்ணீரைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் அந்தச் சின்னக் காகிதம்.

கேட்க ஆளில்லாத காலம்

மன்றம் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன என்று சலித்துக் கொள்கிறவர்கள் உண்டு. இல்லாமலே இருந்த காலமும் ஒன்று வந்ததே, நினைவிருக்கிறதா?

2011 அக்டோபரில் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ந் தேதிதான் நடந்தது. இடையில் ஐந்து வருஷத்துக்கும் மேல், தமிழ்நாட்டு நகரங்கள் எதிலும் கவுன்சிலர் இல்லை. தனி அலுவலர்களே மன்றத்தின் வேலையையும் பார்த்தார்கள்.

வேலை நின்று போயிற்றா? இல்லை. விளக்கு எரிந்தது, வண்டி வந்தது, சம்பளம் போட்டார்கள். ரிப்போர்ட் எழுதினார்கள், தீர்மானமும் எழுதினார்கள். ஆனால் ரிப்போர்ட்டைக் கேட்பதும் அதற்குத் தீர்மானம் போடுவதும் உத்தியோகஸ்தர் கையிலேயே நின்றன. நடுவே, "கொஞ்சம் பொறுங்கள், எங்கள் தெருவில் அப்படி இல்லையே" என்று எழுந்து சொல்ல ஓர் ஆள் இல்லை. அந்தக் காலத்தில்தான் 2017-ல் தமிழ்நாட்டில் டெங்கு கடுமையாகப் பரவியது. அந்தக் காலத்தில்தான் 2020-ல் கொரோனாவும் வந்தது. ஊரே வீட்டுக்குள் அடைபட்டபோது, அரிசிக்கும் மருந்துக்கும் வழி கேட்க வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இல்லை.

பாதி நாற்காலி உங்களுடையது

2016-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டத் திருத்தம் செய்தார்கள். உள்ளாட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்காக இருந்த இட ஒதுக்கீட்டைப் பாதியாக உயர்த்தினார்கள். 2022 தேர்தல் அந்தப் பாதிக் கணக்கில் நடந்தது. சென்னைக்கு பிரியா மேயரானார். தருமபுரி நகர்மன்றத் தலைவர் நாற்காலியிலும் லட்சுமி நாட்டான் மாது என்ற பெண்மணி அமர்ந்தார்.

1956-ல் தாரா செரியன் சென்னையின் முதல் பெண் மேயரானபோது அது அதிசயச் செய்தி. இன்று அது அதிசயமில்லை. சந்தோஷம்தான். ஆனால் நாற்காலி கிடைத்த பிறகு பேச்சும் கிடைத்ததா என்பது வேறு கேள்வி. பல ஊர்களில் கவுன்சிலர் அம்மாளின் கைபேசியைக் கணவர்தான் எடுக்கிறார். மனுவை மைத்துனர் வாங்கிக் கொள்கிறார். அம்மாள் கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். சட்டம் அவருக்குக் கொடுத்த நாற்காலியில் வேறொருவர் நிழலாக உட்கார்ந்து விடுகிறார்.

இது தகடூர் மண் அல்லவா? ஔவை வாழ்ந்த மண். அரசன் தனக்குக் கிடைத்த அருமையான நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் அவளிடம் கொடுத்தான் என்று குழந்தைக்குக் கதை சொல்கிறோம். அதே அரசனுக்காகத் தொண்டைமானிடம் தூது போய், அவனுடைய ஆயுதச் சாலையிலேயே நின்று அவள் பேசினாள் என்ற மறு பாதிக் கதையையும் சொல்ல வேண்டும். அவளுக்காக வேறு யாரும் பேசவில்லை.

புதிதாக வந்த பெண் உறுப்பினருக்கு விதிமுறை தெரியாது, பட்ஜெட் புரியாது என்று சொல்வார்கள். போகட்டும். அவருக்குத் தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது என்று தெரியும். எந்த முடுக்கில் விளக்கில்லாமல் பெண் பிள்ளைகள் டியூஷனிலிருந்து பயந்து வருகிறார்கள் என்று தெரியும். பொதுக் கழிப்பிடத்தின் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்று தெரியும். இவை எந்த அலுவலகக் குறிப்பிலும் தானாக வந்து ஏறுவதில்லை. விதிமுறையைப் படித்துக் கொள்ளலாம். இந்த அறிவைப் படித்துப் பெற முடியாது.

கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை

மன்றமும் ரிப்போர்ட்டும் வெள்ளைக்காரன் கொடுத்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆண்டு 919, 921. குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் எடுப்பதற்கு அதில் விதிகள் எழுதியிருக்கின்றன. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னை மதிப்பிட ஒரு வாரியம். யார் யார் நிற்கக் கூடாது என்ற பட்டியலில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் சேர்த்தி. அவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் கூடாது!

அந்தச் சபையில் பெண்ணுக்கு இடமில்லை. சொத்தும் சாஸ்திரப் படிப்பும் இல்லாதவருக்கும் இடமில்லை. அந்தக் குறைகளை நாம் திருத்திக் கொண்டோம். ஆனால் ஏரி எவ்வளவு முக்கியமோ, ஏரிக் கணக்கும் அவ்வளவு முக்கியம் என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னே கல்லில் வெட்டி வைத்தார்களே, அதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

நீங்கள் செய்யக் கூடியது

"நான் கவுன்சிலர் இல்லையே, எனக்கு என்ன?" என்கிறீர்களா? உங்களுக்கும் நாலு வழி இருக்கிறது.

ஒன்று: உங்கள் வார்டு உறுப்பினரிடம் அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலைக் காட்டச் சொல்லுங்கள். ரகசியக் காகிதமல்ல அது. நம் வார்டின் எண் எந்தெந்தப் பொருளில் வருகிறது என்று மட்டும் முதலில் தேடுங்கள். பிறகு "பின்னேற்பு" என்ற சொல்லைத் தேடுங்கள்.

இரண்டு: மன்றக் கூட்டத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்பது பழைய சட்டம் முதலே வந்த மரபு. இடவசதியும் நடைமுறையும் ஊருக்கு ஊர் மாறும். முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு தடவை போய் வாருங்கள். நாலு பெண்கள் பார்வையாளர் வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், ரிப்போர்ட் வாசிக்கும் குரலில் ஒரு நிதானம் வந்து விடும்.

மூன்று: வார்டுக்குள் பகுதி சபைக் கூட்டம் என்று ஒன்று உண்டு. 2022 நவம்பர் 1-ந் தேதி, உள்ளாட்சிகள் தினத்தன்று, தமிழ்நாட்டு நகரங்களில் அதைத் தொடங்கினார்கள். கிராம சபைக்கு நகரத்துத் தங்கை அது. அங்கே நீங்களே எழுந்து பேசலாம். பேசியதை எழுதிக் கொண்டார்களா என்றும் பாருங்கள்.

நாலு: தகவல் உரிமைச் சட்டம் 2005. பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு வெள்ளைத் தாளில், "எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரின் கடைசிப் பரிசோதனை அறிக்கை நகல் வேண்டும்" என்று எழுதிப் போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஃபுளோரைடு எவ்வளவு என்ற ஓர் எண், உங்கள் பேரக் குழந்தையின் பல்லைக் காப்பாற்றும்.

பால்காரர் கணக்கு, மளிகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு என்று எத்தனை கணக்கை நாட்காட்டித் தாளின் ஓரத்தில் குறித்து வைக்கிறீர்கள்! பால்காரர் ஒரு வேளை விட்டுப் போனாலும் மாதக் கடைசியில் கழித்துக் கொள்ளாமல் விடுவதில்லை. அதே நாட்காட்டியில் இன்னும் இரண்டு குறி போட்டு வாருங்கள்: தண்ணீர் வந்த நாள், குப்பை வண்டி வராத நாள். மாதக் கடைசியில் அந்தத் தாளைக் கிழித்து எறியாமல் உங்கள் கவுன்சிலர் கையில் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் அவர் அதைப் பார்த்துக் கொண்டே, "அலுவலகக் குறிப்பில் தினமும் என்று இருக்கிறது, என் வார்டுத் தாளில் ஒன்பது நாள் என்று இருக்கிறதே?" என்று கேட்கட்டும். மன்றத்தின் பார்வைக்கு வைக்க வேண்டிய ரிப்போர்ட் அதுவும்தான்!